பூப்போட்ட திரைச்சீலை கட்டிய மலை

பெப்ரவரி 5, புதன்

காலையில் மூடுபனி. பிறகு நல்ல வெயில். அந்திக்கு மறுபடி குளிர்.

மன்னிக்க வேண்டும் நாட்குறிப்பே, இவ்வளவு நேரம் கழித்து உன்னைத் திறப்பதற்கு. பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பல் முளைக்கிறது. ஈறெல்லாம் சிவப்பு. பிரகாஷ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து, கடைசியில் அவர் முதலில் தூங்கிவிட்டார்.

இன்று வேலைக்குப் போனேன். பிள்ளை பிறந்த பிறகு முதல் வேலை. டிக்கோயாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மலையோட்டம். தேயிலைக்குள்ளேயே ஓடிப் போய் ஓடி வருவது. கொழும்பு நிறுவனம் ஒன்று நடத்துகிறது. ஊர்த் தொண்டர்களைக் கவனிப்பதும், சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு. இந்த வாரம் மட்டும். சரியாக நடந்தால் தொடர்ந்து வேலை தருவதாகத் திலினி மிஸ் நேராகவே சொன்னார். அவர்தான் எல்லாவற்றுக்கும் தலைமை. அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அதிலிருந்து அதே நினைப்புத்தான்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற பழைய மடுவம்தான் அலுவலகம். சம்பளக்காரர்களுக்கு ஒரேஞ்ச் ஜாக்கெட், கதிரை, மேசை. தொண்டர்களுக்கு டீசேர்ட், சாப்பாட்டுப் பார்சல், சுவரோரமாக நிற்க இடம். எனக்கும் ஜாக்கெட் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் வாசலில் நின்றேன். தொண்டர் ராஜு அண்ணன், ஆட்டோ ஓட்டுகிறவர், சத்தமாகச் சொன்னார்: “பிரகாஷ் சம்சாரம் போலீசுல சேர்ந்திருச்சு டோய்!” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

நாளைக்கு: பால் எடுத்து வைக்க. பாப்பாவின் கம்பளித் தொப்பி. ராணி அக்காவுக்குப் பாப்பாவின் மருந்து அளவு எழுதி ஒட்ட.

எதிர்வீட்டு ராணி அக்கா மட்டும் இல்லையென்றால் இந்த வேலையே இல்லை. தானாக வந்து கேட்டார், “புள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போயேன்”னு.

காஸ் மூடியாயிற்று. இரண்டு தரம் பார்த்தேன்.

பெப். 6, வியாழன்

மூடுபனி தாமதமாகத்தான் விலகியது. சிவனொளிபாத மலைக்குப் போகும் பஸ்கள் வழியெல்லாம். பதினைந்து நிமிடம் பிந்திப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டப்பாதைக்கு அடையாளம் கட்டும் நாள். பாதைக்குப் பொறுப்பு அசங்க சேர். கெட்டிக்காரர், வேகம், முகத்தில் சிரிப்பே கிடையாது. கொழும்பிலிருந்து கட்டுக் கட்டாகச் சிவப்பு ரிபன் கொண்டு வந்திருந்தார். ஏழாம் நம்பர் மலையில், தேயிலைச் செடி ஓரமாக, கண்ணில் அறைகிற மாதிரி கட்டிக்கொண்டே போனார். தொண்டர்கள் பின்னால் ரிபன் தூக்கிக்கொண்டு.

ராஜு அண்ணன் ரிபனைப் பார்த்தார், மல்லிகாவைப் பார்த்தார். மல்லிகா அந்தத் தோட்டத்திலேயே கொழுந்தெடுக்கிற பெண். உயர்தரம் படித்தவள். இதற்காக லீவு போட்டு வந்திருக்கிறாள்.

“என்னண்ணே?” என்று கேட்டேன்.

“ஒன்னுமில்ல. சம்பளம் வாங்குறவங்க கட்டுறாங்க. தெரிஞ்சுதானே கட்டுவாங்க.”

ஏதோ கேலி என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன்.

பின்னேரம் திலினி மிஸ் வோக்கி-டோக்கி பழக்கினார். அவர் முறை எனக்குப் பிடித்தது. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் “சரி” என்ற பிறகுதான் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. இதை வீட்டிலும் கொண்டு வரலாம். பிரகாஷிடம் “வரும்போது பாண் வாங்கிட்டு வாங்க” என்றால் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்.

ஓடைப்பள்ளத்தில் மட்டும் கருவி இரைகிறதே தவிரப் பேசவில்லை. “சமாளிக்கலாம்” என்றார் அசங்க சேர். தொண்டர்கள் தலையாட்டினார்கள். நானும்.

வீட்டுக்கு வந்தால் ராணி அக்கா: “நீ செவுத்துல ஒட்டினது அம்புட்டையும் வாசிச்சிட்டேன் கவிதா. பாப்பாவும் வாசிச்சிட்டா. நாளைக்கு நீ நிம்மதியா போயிட்டு வா.”

பெப். 7, வெள்ளி

வானிலை பார்க்கவில்லை. மழை பெய்ததா என்றே நினைவில்லை.

காலையில் நான் கிளம்புவதற்கு முன்பே திலினி மிஸ்ஸின் அழைப்பு. “உடனே வா.” வேறொன்றும் சொல்லவில்லை. பாப்பாவைக் கொடுத்துவிட்டு ஓடினேன். பாதி வழியில்தான் தெரிந்தது, பிரகாஷின் செருப்பில் வந்திருக்கிறேன்.

மடுவத்து மேசையில் நேற்றுக் கட்டிய ரிபன் அத்தனையும். ஒழுங்காகச் சுற்றி, கட்டுக் கட்டாக. பக்கத்தில் மல்லிகா. அவிழ்த்தது அவள்தான். மறைக்கவில்லை. தானே கொண்டு வந்து வைத்திருக்கிறாள்.

அசங்க சேர் கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “இதைத் தமிழில் சொல்லு இவளுக்கு” என்று மறுபடி ஆரம்பித்தார். பொறுப்பில்லாதவர்கள், ஓசி டீசேர்ட்டுக்கு வருகிறவர்கள், இன்னும் என்னென்னவோ. எழுத மனமில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: “ஒரு நாள் வேலை வீணாப்போச்சுன்னு சேருக்கு வருத்தமா இருக்கு மல்லிகா.”

மல்லிகா என்னையே பார்த்தாள்.

“அவ்வளவுதான் சொன்னாரா அக்கா? எனக்கும் சிங்களம் வெளங்கும்.”

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பிறகு அவளே சிங்களத்தில், ஒரே சீராக, திலினி மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் தோட்டத்தில் மருந்தடித்த மலைக்குத்தான் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள். அதை அவிழ்க்கும்வரை அந்த மலையில் யாரும் கொழுந்தில் கை வைக்க மாட்டார்கள். இன்று காலை பெரட்டில் வேலை பிரித்துக்கொண்டு வந்த பெண்கள் ஏழாம் நம்பர் மலையைச் சுற்றிச் சிவப்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். மருந்து அடிக்கவில்லை என்று கங்காணி கத்துகிறார், அப்படியானால் இது என்ன என்று பெண்கள் கேட்கிறார்கள். நேரம் போகிறது. இன்னும் நின்றால் எல்லாருக்கும் அரைப்பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். அந்தக் கூட்டத்தில் மல்லிகாவின் அம்மாவும். அதனால் அவிழ்த்தாள். ஒன்றையும் கிழிக்காமல் அவிழ்த்தாள்.

அசங்க சேர் ஒரு ரிபன் கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

திலினி மிஸ் கேட்டார்: “நேற்றே ஏன் யாரும் சொல்லவில்லை?” நான் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் குறைக்காமல்.

ராஜு அண்ணன்தான் பதில் சொன்னார். “எங்ககிட்ட யாரும் கேக்கலயே மிஸ். கட்டு, தூக்கு, நில்லுன்னு சொன்னாங்க. கட்டினோம், தூக்கினோம், நின்னோம்.”

திலினி மிஸ்ஸுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சத்தில் சொன்னார்: “இப்ப நான் கேக்குறது. சொல்லுங்க.”

அதோடு மேசையை ஓரமாகத் தள்ளச் சொன்னார். கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள். போதவில்லை. சம்பளக்காரர்களில் பாதிப்பேர் தரையில். தேத்தண்ணி வந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: இந்த மலையில் நாங்கள் எதைச் செய்யக்கூடாது?

தொண்டர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. ஓடைக்குப் பக்கத்துக் குறுக்குப்பாதை பாதை மாதிரித்தான் தெரியும், பத்தடி போனால் சரிவு. லயத்து வீட்டு நாய்கள் நிற்பவரை விட்டுவிடும், ஓடுபவரைத்தான் துரத்தும். (“ஓட்டப்போட்டிதானேப்பா இது!” என்றார் ராஜு அண்ணன்.) கோயில் வளைவில் ஒலிபெருக்கி வேண்டாம், தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறார்கள்.

சம்பளக்காரர்களும் சொன்னார்கள். களைத்துப் போனவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்லுவார், பேச்சை நம்பாதே, நடையைப் பார். வழி கேட்டால் வாயால் சொல்லாதே, கையை நீட்டிக்கொண்டு நில். அதெல்லாம் எங்களுக்குப் புதிது.

சரி, சிவப்பு இல்லை. அப்படியானால் எந்த நிறம்?

நான்தான் அவசரப்பட்டேன்: “வெள்ளை?”

“அக்கா, வெள்ளைக்கொடி கட்டினா யாரு செத்ததுன்னு ஊரே வந்து நிக்கும்.”

மஞ்சள்? “பூசத்துக்குக் கட்டினோம்னு நெனச்சு அர்ச்சனைத் தட்டோட வந்துருவாங்க.” பச்சை தேயிலைக்குள் தெரியாது. அதோடு அது ஒரு கட்சி. நீலம் இன்னொரு கட்சி. காவி கட்டினால் மலைக்குப் போகிற யாத்திரைக் கூட்டம் வழி தவறி இங்கே ஏறிவிடும். ஒரு நிறம்கூடச் சும்மா இல்லை இந்த ஊரில்! அசங்க சேர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அப்போதுதான் முதல் தடவையாக அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு.

“ஒன்னும் அர்த்தமில்லாத துணி ஒன்னு வேணும்” என்றாள் மல்லிகா.

பிரகாஷ் வேலை செய்கிற துணிக்கடை நினைவுக்கு வந்தது. ஹற்றன் டவுனில், நிஸாம் நானாவின் கடை. மேல்தட்டில் ஒரு திரைச்சீலைத் துணி இருக்கிறது. சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய ரோஸ் பூ. வாங்கி வைத்த நாளிலிருந்து ஒரு முழம் விற்கவில்லை என்று பிரகாஷ் சொல்லிச் சிரிப்பார். போன் செய்தேன். நானா கேட்டார்: “மலைக்கா மகள்? மலைக்கு எதுக்குத் திரைச்சீலை?” சொன்னேன். “முழுசையும் எடுத்துட்டுப் போங்க. சல்லி வேணாம். அந்தத் துணியக் கண்ணால காணாம இருந்தாப் போதும்.”

அல்லா அவருக்கு நல்லது செய்யட்டும்.

நாளை இருட்டுவதற்குள் பாதை முழுக்கக் கட்டி முடியவில்லை என்றால் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லை என்றால் எனக்கும் வேலை இல்லை. திலினி மிஸ் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

மல்லிகாவிடம் போய், காலையில் நான் பாதியை விழுங்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “நல்ல மனசுலதான் செஞ்சீங்க. ஆனா இனிமே முழுசா சொல்லுங்கக்கா. திட்டுனாலும் எங்களத் திட்டுறது எங்களுக்குத் தெரியணும்ல” என்றாள்.

இதை எழுதி வைக்கிறேன், மறக்காமலிருக்க.

பெப். 8, சனி

வெயில். என் குலதெய்வம் கண் திறந்துவிட்டது போலிருக்கிறது.

பிரகாஷும் நானும் விடியற்காலையிலேயே துணியைப் பட்டைப் பட்டையாகக் கிழித்தோம். பாப்பா நடுவில் உட்கார்ந்து ஒரு பட்டையை எடுத்து ஈறால் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டை மட்டும் வீட்டில்.

திலினி மிஸ் ஆளுக்கு ஆள் ஜோடி சேர்த்தார். ஒரு ஜாக்கெட், ஒரு டீசேர்ட். அசங்க சேரையும் மல்லிகாவையும் ஒன்றாகப் போட்டார். அவர்கள் பின்னாலேயே போனேன், மொழிபெயர்க்க. ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் “இந்த மரத்துல வேணாம், மூடுபனி எறங்கினா இதுதான் மொதல்ல மறையும்” என்று சிங்களத்தில் சொல்ல, அவர் ஒரு முடிச்சுக் காட்டினார். காற்றுக்கு அவிழாது, ஒரே இழுப்புக்கு அவிழும். அவள் அதை இரண்டாம் தடவையிலேயே பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் இரண்டு பேருக்கும் பேச்சு முடிச்சும் மரமும்தான். நேற்றைய விஷயம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியைப் பார்த்துவிட்டார்கள்.

“ஏய் மல்லிகா! யாரு வீட்டு ஜன்னல்டி இது?”

“ஒன் மாமியா வீட்டு ஜன்னல்!”

“அப்ப நல்லா இறுக்கிக் கட்டு, எட்டிப் பாக்கும்!”

மலை முழுக்கச் சிரிப்பு. கொழுந்தெடுக்கிற கை மட்டும் ஒரு நொடி நிற்கவில்லை.

ஓடைப்பள்ளம் வந்தது. கருவி அதே இரைச்சல். இந்த முறை அசங்க சேர் “சமாளிக்கலாம்” என்று சொல்லவில்லை. மல்லிகாவிடம் திரும்பி, “இங்கே நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்றார்.

“கூப்பிடுவோம்.” அவள் பள்ளத்துக்குள் இறங்கி, கையை வாயில் குவித்துக் குரல் கொடுத்தாள். எதிர்ச்சரிவிலிருந்து அவள் அம்மாவின் குரல் திரும்பி வந்தது. மேட்டில் இன்னொரு பெண். மலைக்கு மலை அப்படித்தான் செய்தி போகுமாம்.

திலினி மிஸ் ஓடி வந்தார். “சரி, ஆனால் கேட்டதைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். கீழே இருப்பவர் ‘சரி’ சொன்ன பிறகுதான் மேலே அனுப்ப வேண்டும்.” செய்து பார்த்தார்கள். பள்ளத்தில் மல்லிகா, சரிவில் அவள் அம்மா, மேட்டில் ராஜு அண்ணன். அவர் கையில் வோக்கி-டோக்கி. குரல் அங்கே ஏறி, கருவிக்குள் புகுந்து, மடுவத்துக்கு வந்தது. ஒரு சொல் பிசகவில்லை.

இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் என்ன சொல்வது? பாதி இவர்களுடையது, பாதி அவர்களுடையது.

இருட்டுவதற்குள் கட்டி முடித்துவிட்டோம்.

பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. பல்தான் என்கிறார் ராணி அக்கா. பல்தான். பல்லாகத்தான் இருக்க வேண்டும்.

பெப். 9, ஞாயிறு

சுருக்கமாக. அவ்வளவு களைப்பு.

மூடுபனி. அதுவும் இன்றைக்கென்று. தொடக்கத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஆனால் சாம்பலுக்குள்ளும் அந்த ரோஸ் பூ தெரிந்தது! ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓடிக்கொண்டே ஒரு பட்டையைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டுப் போனாள். நிஸாம் நானாவுக்குச் சொல்ல வேண்டும்.

பாதி ஓட்டத்தில் ராணி அக்காவின் செய்தி: “காய்ச்சல் கூடியிருக்கு. பிரகாஷ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாரு. பயப்படாத.” பயப்படாத என்றால் யாருக்குத்தான் பயம் வராது? ஜாக்கெட்டைக் கழற்றப் போனேன். அதே நேரம் கருவியில் ராஜு அண்ணன்: “பள்ளத்துல ஆள் விழுந்துட்டாரு. ஆம்பள. வலது கால். முழிப்பா இருக்காரு, நடக்க முடியாது. குறுக்குப்பாதைக்குக் கீழ.” நான் திருப்பிச் சொன்னேன். என் குரலா அது? “சரி” என்றார். சிங்களத்தில் முழுதாகச் சொன்னேன். தூக்குக்கட்டிலோடு எந்தப் பக்கத்தால் இறங்க வேண்டும் என்று மேலிருந்து கீழே அதே வழியில் பதில் போனது. ஒவ்வொரு குரலும் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். மூடுபனிக்குள் ஆள் தெரியாமல் அந்தக் குரல்கள் மட்டும்.

நேராக ஆளிடமே போய் நின்றார்கள். தேட வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் மடுவத்துக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “யார் அது, பாட்டுப் பாடுகிற மாதிரி என் காலைப் பற்றிச் சொன்னது?”

தூக்குக்கட்டிலோடு மல்லிகாவும் வந்திருந்தாள். திலினி மிஸ் என் முகத்தைப் பார்த்தார். “குழந்தையா? போ. மிச்சத்தை மல்லிகா பார்ப்பாள்.” அசங்க சேர் தன் வேனின் சாவியைச் சாரதியிடம் எறிந்தார்.

டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் பிரகாஷ் சிரித்துக்கொண்டு நிற்கிறார். மருந்து கொடுத்து, காய்ச்சல் இறங்கி, பாப்பா அவர் தோளில். வாயைத் திறந்து காட்டினார். கீழ் ஈறில் ஒரு வெள்ளைப் புள்ளி. அரிசி மாதிரி.

அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: ராணி அக்கா. பிரகாஷ். நானா. திலினி மிஸ். வேன் சாரதி (பெயர் கேட்கவில்லை, கேட்க வேண்டும்). மல்லிகா, மல்லிகாவின் அம்மா. அந்த முடிச்சுக்காக அசங்க சேரும்.

பெப். 10, திங்கள்

தூறல். பாப்பாவின் துணியெல்லாம் துவைத்துக் காய வைத்திருக்கிறேன். காயாது.

மலையிலிருந்து பட்டைகளை நேற்றே அவிழ்த்துவிட்டார்கள். ஒரே இழுப்பு. எல்லாம் இப்போது என் வீட்டில் ஒரு சாக்கில்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் கொழும்பு ஆட்கள். மத்தியானம் தொண்டர்கள். கடைசியில் மல்லிகா. ஒரு வாரத்துக்கு முன் இல்லாத ஒரு கூட்டம் மறுபடி இல்லை. ரிபன் விஷயம், கூப்பிடு விஷயம் எல்லாம் ஆளுக்கு ஒரு துண்டாகக் கிளம்பிவிட்டது. அடுத்த ஊரில் யாரோ மறுபடி சிவப்பு ரிபனோடு போய் இறங்குவார்கள்.

திலினி மிஸ் அழைத்தார். வேலை எனக்குத்தான்! அடுத்த மாதம் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஓட்டம். சந்தோஷத்தில் ‘சரி’ என்று சொல்லப் போனவள் நிறுத்தினேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ. “மிஸ், மல்லிகாவும் வர வேண்டும். தொண்டராக இல்லை. சம்பளத்தோடு. முதல் நாள் கூட்டத்திலிருந்தே, கதிரையில். அவள் வந்தால் நானும் வருகிறேன்.”

மிஸ் சொன்னார்: “நானும் அதைத்தான் நினைத்தேன். அசங்கவும் கேட்டான்.” ஒரே ஒரு நிபந்தனை. நாளை மத்தியானத்துக்குள் அவர் கொழும்புக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

என்ன காரியம் செய்தேன். மல்லிகாவைக் கேட்காமலேயே என் வேலையை அவள் தலையில் கட்டிவைத்திருக்கிறேன். அவளுக்குக் கங்காணி லீவு கொடுப்பாரா? அசங்க சேரோடு மறுபடி வேலை செய்ய மனம் வருமா? இரண்டு தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. லயத்துப் பக்கம் சிக்னல் இல்லை போல.

பிரகாஷ் சொல்கிறார், “எழுதி அனுப்பு. முழுசா எழுது.”

அனுப்பியது, அப்படியே இங்கே:

மல்லிகா, கவிதாக்கா. நோட்டன் பிரிட்ஜ்ல அடுத்த ஓட்டம். ஒன்னையும் சம்பளத்துக்கு எடுக்கிறாங்க, ஜாக்கெட்டோட. ஒன்னைக் கேக்காம நான்தான் பேரச் சொல்லிட்டேன். நீ வந்தாத்தான் நானும் வருவேன்னும் சொல்லிட்டேன், அதையும் மறைக்கல. அசங்க சேரும் இருப்பாரு. ஒன்னை அவரே கேட்டாராம். ஒனக்குப் புடிக்கலன்னா புடிக்கலன்னே சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன். திரைச்சீலை சாக்கு என் வீட்டுலதான் இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மிஸ்ஸுக்குச் சொல்லணும். பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பாத்தீன்னா ஒடனே பதில் போடு.